மூன்றாவது நாற்காலியில் என் பை

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே, மாடி அறையில், மூன்றாவது நாற்காலியில் என்னுடைய பை உட்கார்ந்திருந்தது. முதல் நாற்காலியில் நான், அடுத்ததில் என் மனைவி, எதிரே மேடம். சாம்பல் நிறத்தில் பெரிய பை. ஜிப் பாதியில் பழுதாகிவிட்டதால் நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். வெளி மாநிலத்துப் பாறைத்தூள் அதன் மடிப்புகளில் ஏறி, துடைத்தாலும் போகாத வெள்ளையாக நின்றது. கல்யாண வீட்டுக்கு வந்த பெரியவரைப் பார்ப்பதுபோல மேடம் அதைப் பார்த்தார். "இதையும் நம்மகூடப் பேச வந்த ஒரு ஆளா நெனைச்சுக்குங்க" என்றார். "அப்ப அதுக்கும் ஒரு டீ சொல்லிரலாமுங்க மேடம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் வாயைத் திறந்தும் யாரும் சிரிக்காத இடம் என்று ஒன்று உண்டென்றால், ஒரே ஒரு நாளைத் தவிர, அது அந்த அறைதான். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஊர் புதுச்சத்திரம் பக்கம். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையோடு படிப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரிக் வண்டியில் ஏறினேன். போர்வெல் போடுகிற வண்டி. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவனாவது ரிக்கில் இருப்பான். அதாவது, வீட்டில் இல்லாமல் இருப்பான். ஹெல்பராக ஏறி டிரில்லர் ஆனேன். வண்டி ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போகும். மழைக்காலத்தில் அங்கே வேலை ஓடாது. அப்போது வண்டி ஊருக்கு வந்து சர்வீசுக்கு நிற்கும். நடுவில் எப்போதாவது லீவு கிடைக்கும். வேலை நேரத்தில் கம்ப்ரசர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. கத்த வேண்டும். சும்மா கத்தினால் யார் காதில் ஏறும்? கிண்டலாகக் கத்த வேண்டும். "தம்பி, ராடு தூக்கறியா, இல்ல அதுங்கூட நின்னு போட்டோ எடுத்துக்கறியா?" அங்கே யாராலும் கிண்டல் செய்யப்படாதவன்தான் அனாதை. அந்தப் பழக்கம் பையோடு சேர்ந்து என் வீட்டுக்கும் வந்துவிட்டது.

என் மனைவி ஜலகண்டாபுரத்துக்காரி. அவர்கள் வீட்டோடு விசைத்தறி ஓடுகிறது. அதிகம் பேசாத பெண் என்று பெண் பார்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டில் பெருமையாகச் சொன்னார்கள். பேசாமல் இருப்பதிலும் வகைகள் உண்டு என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஊருக்கு வந்து இறங்கிய முதல் நாளே சண்டை வந்துவிடும். எதற்கென்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருக்கும். குழம்பில் உப்பு, கேஸ் சிலிண்டர், எங்கள் பாப்பாவுக்கு நான் வாங்கி வந்த செருப்பு அளவு பத்தாதது. நான் கிண்டல் செய்வேன். அவள் வாயை மூடிக்கொள்வாள். நான் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி இன்னும் சத்தமாகக் கிண்டல் செய்வேன். "ஏனுங்க கலெக்டரம்மா, மனு எழுதிக் குடுத்தாத்தான் பேசுவீங்களா?" அவள் கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் எடுத்துக் கழுவுவாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு ரிக் சேக்காளிகளிடம் போய்விடுவேன். திரும்பி வந்தால் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். "ஒறம்பரையாட்ட வந்துட்டு எதுக்குங்க இத்தன சத்தம்?" விருந்தாளி மாதிரி வந்துவிட்டு என்று அர்த்தம். என் வீட்டில் நான் விருந்தாளியா என்று நான் குதிப்பேன். மறுநாள் அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறுவாள். சில நாள் கழித்து யாராவது சமாதானம் செய்து கூட்டி வருவார்கள். அதற்குள் என் லீவு முடிந்திருக்கும்.

ஒரு பொங்கலுக்கு அப்படிப் போனவள் திரும்பி வரவில்லை. ஆனியில் வண்டி ஊருக்கு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. அவள் அண்ணன் போன் செய்தார். "மாப்ள, ஆடியில நல்லதும் பேச வேண்டாம், கெட்டதும் பேச வேண்டாம். ஆவணி பொறக்கட்டும், பெரியவங்கள வெச்சு முடிச்சுக்கலாம்." முடித்துக்கொள்வது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். இந்த வீட்டில் இருக்கிற அவளுடைய பாத்திரம் பண்டம் அங்கே போகும், அங்கே கிடக்கிற என் துணிமணி இங்கே வரும், பாப்பா யாரிடம் என்று அதே பாயில் உட்கார்ந்து பேசிவிடுவார்கள். அதோடு சரி. ஆக, எனக்குக் கையில் இருந்தது அந்த ஆடி மாதம்தான்.

இதற்கு நடுவில் அவளுக்குத் தலைவலி. அவள் அம்மா சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. டாக்டர் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, ஃபேர்லேண்ட்ஸில் கணவன் மனைவிக்கு ஆலோசனை சொல்கிற ஒரு அம்மாவிடம் அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா, "அவரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் மேடம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார்.

முதல் தடவை நாங்கள் போனதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு யாருக்கும் வரவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஆலோசனை ஒன்றுதான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, நியாயம் கேட்டு, தப்பு யார்மேல் என்று சொல்லி முடிக்க வேண்டும். அதனால் என் பெரியப்பா வெள்ளை வேட்டி சட்டையில் வேன் வைத்து ஆள் கூட்டி வந்துவிட்டார். ஜலகண்டாபுரத்திலிருந்து அவள் அண்ணன் தன் பக்கத்து ஆட்களோடு வந்திருந்தார். பல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு உட்கார இடம் இல்லை. நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக மாடி ஏறினோம். கதவைத் திறந்த மேடத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வலியால் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. எங்கள் 'ங்க' எல்லாம் அவரிடம் கணக்காகத்தான் வரும்.

"இவ்ளோ பேரும் யாரு?"

பெரியப்பா கும்பிட்டார். "நாங்கெல்லாம் சாட்சிங்கம்மா. நீங்க கேளுங்க, நாங்க சொல்றோம். தப்பு யாரு மேலயோ, ஒளிக்காமச் சொல்லிருங்க. எங்களுக்கு வெசனம் இல்லீங்க."

"சண்டை போடுறது யாரு?" என்றார் மேடம்.

பெரியப்பா எங்கள் இருவரையும் காட்டினார். "அப்ப அவங்க ரெண்டு பேர் மட்டும் வரட்டும்" என்று எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார். இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்களும் பல் பிடுங்க வந்தவர்களோடு கீழே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இறங்கி வந்ததும் பெரியப்பா பாய்ந்து வந்து, "என்றா தீர்ப்பு?" என்றார். அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள் என்றேன். "வாய்தாவா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவள் அண்ணன் மட்டும் ஒவ்வொரு வாரமும் தங்கையைக் கூட்டி வந்து, எதிரே இருந்த ஜூஸ் கடையில் உம்மென்று உட்கார்ந்திருப்பார். நான் புதுச்சத்திரத்திலிருந்து பைக்கில் போவேன். புருஷனும் பொண்டாட்டியும் வாரம் ஒருமுறை மாடிப்படிக்குக் கீழே சந்தித்துக்கொள்வோம், வேற்று ஊர்க்காரர்கள் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்வது மாதிரி.

பெரியப்பாவைக் கிண்டல் செய்தேனே தவிர, எனக்கும் தீர்ப்புதான் வேண்டியிருந்தது. என்னைத் தப்பு என்று சொன்னாலும் பரவாயில்லை, காலில் விழுந்து கூட்டிப் போய்விடலாம். அவள் தப்பு என்றால் இன்னும் சௌகரியம். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. "அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?" பொங்கலுக்குப் பெரிய சண்டை மேடம் என்றேன். அதற்கு முன்னாடி? இவள் என்னை விருந்தாளி என்றாள். அதற்கு முன்னாடி? நான் வெளியே போய்விட்டேன். அதற்கு முன்னாடி? இவள் பேசவில்லை. அதற்கு முன்னாடி? "நான் சும்மா ரெண்டு ஜோக் அடிச்சனுங்க." அதற்கு முன்னாடி? பாறை வந்த பிறகும் ராடை இறக்கிக்கொண்டே இருக்கிற டிரில்லர் மாதிரி அவர் விடவே மாட்டார். "இதுக்கு மேல போனா எங்கம்மா என்னப் பெத்த கதைக்குத்தானுங்க போவோணும்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "இப்ப சிரிச்சீங்களே, அதுக்கு முன்னாடி உங்களுக்குள்ள என்ன இருந்துச்சு?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையைத் தூக்கிக் கீழே பல் டாக்டர் தலையில் போட்டிருப்பேன்.

ஒரு வாரம் அவளிடம் கேட்டார், உங்கள் வீட்டில் சின்ன வயதில் கோபம் வந்தால் என்ன செய்வார்கள் என்று. அவள் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது. "எங்கூட்டுல தறி ஓடிட்டே இருக்குமுங்க. பேசுனாலும் கேக்காது. கோவம்னா மூஞ்சியத் திருப்பிக்குவோம். என்னமோ ஏதோன்னு மத்தவங்க புரிஞ்சுக்குவாங்க. அப்பனும் அம்மாவும் வாய் விட்டுச் சண்டை போட்டு நான் பாத்ததெல்லாம் கரண்டு போனப்பத்தானுங்க." சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். மேடம் என் பக்கம் திரும்பி, உங்கள் ரிக்கில் எப்படி என்றார். சத்தத்தில் கத்துவோம், கிண்டல் செய்வோம் என்றேன். "சரி. ரெண்டு பேருமே சத்தத்துல வளந்தவங்க. ஒருத்தர் அடங்கிப் பழகிட்டார், ஒருத்தர் மேல ஏறிப் பழகிட்டார். இப்ப வீட்ல மெஷின் எதுவும் ஓடல." என்றார் மேடம். அவள் அடங்க அடங்க நான் ஏறுகிறேன், நான் ஏற ஏற அவள் அடங்குகிறாள் என்று ஒரு வட்டம் எனக்கு அன்றைக்குப் புரிந்தது. எங்கள் சண்டைக்கு உப்பும் சிலிண்டரும் செருப்பும் காரணமே இல்லை, எல்லாம் ஒரே சண்டைதான் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது என்பதும் புரிந்தது. புரிந்த அன்றைக்கே, படி இறங்குவதற்குள் ஹெல்மெட்டை எங்கே வைத்தேன் என்பதில் ஆரம்பித்து நாங்கள் அதே வட்டத்தை ஒருமுறை முழுசாகச் சுற்றி முடித்தோம். ஜூஸ் கடையிலிருந்து மச்சான் எழுந்து வந்து தங்கையின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். ஆடி பாதிக்கு மேல் போய்விட்டது.

அடுத்த வாரம் நான் போனபோது மாடிப்படியில் மேடம் பல் ஆஸ்பத்திரிப் பையனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவன் ஸ்கூட்டியைப் படியை மறித்து நிறுத்துவான், முழங்கால் வலியோடு சுற்றி வர வேண்டும் என்று அவர் கத்துவார், அவன் ஒரு சாவியைக் காட்டி ஏதோ முணுமுணுப்பான், அவர் டாக்டரைக் கூப்பிடுவேன் என்பார், அவன் கூப்பிடுங்கள் என்பான். நான் போன எல்லா வாரமும் இதே வசனங்களைத்தான் கேட்டிருக்கிறேன். விடுவேனா? உள்ளே போய் நாற்காலியில் அவரை மாதிரியே உட்கார்ந்து, கையைக் கோத்துக்கொண்டு, "மேடம், அதுக்கு முன்னாடி என்ன ஆச்சு?" என்றேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நானும் அந்தப் பையனும் போடறதும் உங்களது மாதிரிதான்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் மேடம். "தெரிஞ்சும் வாரா வாரம் போடறேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பறம் தெரிஞ்சு என்னத்துக்குங்க ஆவுது? நாங்க என்னத்துக்கு வாராவாரம் வந்து உக்காந்துட்டு இருக்கறம்?" உண்மையாகவே கோபமாகக் கேட்டேன். அந்த அறையில் நான் ஜோக் இல்லாமல் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "முன்னல்லாம் அவன் வேலைய விட்டுப் போற வரைக்கும் விடக் கூடாதுன்னு போடுவேன். இப்ப பாதியில மேல வந்துட முடியுது. சில நாள்." அவ்வளவுதான் அவர் தந்த வாக்குறுதி. சில நாள்! அதற்கு மேல் அந்தப் படிப்பாலும் முடியாதாம். அன்றைக்குக் கிளம்பும்போது அவர் சொன்னார், "நீங்க ஊருக்கு வர்ற அன்னிக்கு, வாயத் திறக்கறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு யோசிச்சுட்டு வாங்க ரெண்டு பேரும்." அவள் படிக்கட்டில் நின்று, என்னைப் பார்க்காமல், "பை" என்றாள். "அந்தப் பையக் கொண்டாரச் சொல்லுங்க மேடம்."

அப்படித்தான் மூன்றாவது நாற்காலிக்குப் பை வந்தது. ரிக்கிலிருந்து வந்து இறங்கினபடி, துவைக்காத துணியோடு, கயிறு அவிழ்க்காமல் கொண்டுபோனேன். எனக்கு அந்தப் பையின் மேல் ஒரு குறை உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் நான் வந்ததும் பையைத் திறந்து துணியெல்லாம் எடுத்து ஊறப் போட்டு, பாறைத்தூளைத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்துப் போடுவாள். அப்புறம் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள். கதவு ஓரத்தில் நான் வைத்த இடத்திலேயே, கட்டிய கயிறு கட்டியபடி பை நாள் கணக்கில் கிடக்கும். பார்க்கும்போதெல்லாம், சீக்கிரம் தூக்கிக்கொண்டு கிளம்பு என்று அது என்னைச் சொல்கிற மாதிரி இருக்கும். அதைக் கேட்க முடியுமா? உப்பைப் பற்றித்தான் கேட்க முடியும். மேடம் கேட்டதால் அன்றைக்குச் சொன்னேன். பக்கத்தில் அவள் தலை நிமிர்ந்தது.

"ஒருக்கா எல்லாத்தையும் துவைச்சுப் போட்டிருந்தனுங்க" என்று மேடத்திடம் சொன்னாள். என்னிடம் இல்லை. "கொடியில சொட்டுச் சொட்டா வடிஞ்சிட்டிருந்துச்சு. மேனேஜர் போன் பண்ணிட்டாரு, எந்த ஆளோ வரலைன்னு. இவுரு ஈரத் துணிய அப்படியே ஒரு சாக்குப் பையில திணிச்சுக்கிட்டு, வண்டிக்காரனோட சிரிச்சுப் பேசிக்கிட்டே போயிட்டாருங்க. நான் கிளிப்பக் கையில வெச்சுட்டு நின்னேன். ஒரு சட்டைய மறந்துட்டாரு. அது காஞ்சும் எடுக்க மனசு வரல, அப்படியே கொடியில கெடந்துச்சு. அதுக்கப்பறம் பையத் தொடறதில்லீங்க. தொறந்தா இருப்பாருன்னு மனசு நம்பிக்குது. நம்பறப்பத்தான் போன் வருது."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சொன்னது, "ஒரு சட்டைக்காடி இத்தன வருசக் கோவம்? சொல்லியிருந்தா புதுசு எடுத்துக் குடுத்திருப்பனே."

அவள் எழுந்து போய்விட்டாள். செருப்பு மாட்டுகிற சத்தம், படியில் இறங்குகிற சத்தம். நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நிம்மதியாக இருந்திருக்கும். "இப்ப நடந்துச்சே, இதுதான். இத நான் வாயால சொல்லிக் காட்டவே முடியாது" என்றார். பிறகு வழக்கமான கேள்வி. "அந்த ஜோக்குக்கு முன்னாடி என்ன ஆச்சு?" எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது மேடம் என்றேன். "இத நான் கேட்டு என்ன பண்றது? கீழ போய்ச் சொல்லுங்க." ஓடினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணனும் தங்கையும் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரசர் சத்தத்தில் ஃபர்லாங்கு தூரம் கேட்கக் கத்துகிறவன் நான். வாயைத் திறந்தேன், ஜோக் இல்லாத வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. ஆட்டோ போய்விட்டது. எனக்கிருந்த வெறுப்பில் மேலே விட்டுவந்த பையைக்கூட மறந்து பைக்கை எடுத்துவிட்டேன். மறுவாரம் போனபோது மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது, இரண்டாவதும்தான். நடுவில் ஒருநாள் அவள் தனியாக வந்து பையை எடுத்துப் போனதாக மேடம் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "அவங்களத்தான் கேக்கணும்" என்றார். அந்த அம்மாவிடம் ஒரு பதில் வாங்குவதற்குப் பாறையில் தண்ணீர் வாங்கிவிடலாம்.

ஆவணி பிறந்து பெரியப்பாவும் நானும் இன்னும் சில பேரும் ஜலகண்டாபுரம் போனோம். அன்றைக்குக் கரண்ட் இருந்தும் அவர்கள் வீட்டில் தறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். பேச வேண்டிய நாள் என்பதால். வாசலில் நுழையும்போதே பார்த்தேன். பக்கத்துக் கொடியில் என் துணி. ரிக் பேன்ட், பனியன், கிழிந்த காக்கிச் சட்டை, எல்லாம் பாறைத்தூள் போக வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தது. முடித்துக்கொள்ளும்போது துணியைத் துவைத்து மடித்துக் கொடுப்பதுதானே முறை. பாப்பா ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கினால் கீழே விட முடியாதோ என்று பயந்து தூக்காமலே நின்றேன்.

பாயில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். மழை, மஞ்சள் விலை எல்லாம் பேசினார்கள். கடைசியில் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "ஏம் அம்மிணி, ஒரு மாசமா அந்த மேடத்துக்கிட்டப் போனீங்களே. தப்பு யாரு மேலன்னு சொன்னாங்க? உள்ளதச் சொல்லு சாமி."

கதவு ஓரத்தில் நின்றிருந்தவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "பை மேலன்னு சொன்னாங்க மாமா."

"எது மேல?"

"பைங்க மாமா. அவுரு தூக்கிட்டு வாராரே, அந்தப் பை. அது மேலதான் தப்பாமா. அதுக்கு என்ன தண்டனைன்னு பெரியவங்க நீங்களே பேசி முடிச்சிருங்க." முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள். என் கல்யாண வாழ்க்கையில் அவள் சொல்லி நான் கேட்ட முதல் ஜோக். ஒரு ஊர்ப் பஞ்சாயத்தையே உட்கார வைத்து அடித்தாள். பெரியப்பா என்னைப் பார்க்கிறார், மச்சான் தங்கையைப் பார்க்கிறார். எனக்குப் பதிலுக்கு ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இவுரு இருக்கறாருன்னா துவைச்ச துணி காயறவரைக்காச்சும் இருக்கோணும். போறாருன்னா முன்னாடியே சொல்லோணும். அதுக்குச் சம்மதம்னா நான் வாரேனுங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வாயால சொல்லுங்க மாப்ள என்றார் மச்சான். "சரிங்க மச்சான்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டியிருந்தால் அழுதிருப்பேன், அல்லது கெடுத்திருப்பேன்.

இத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் நான் ஊருக்கு வரும் முதல் நாள் எங்களுக்குள் உரசல் வரும். பையை விட்டுத்தள்ளிவிட்டு அது இப்போது செல்போனுக்குக் குடி போயிருக்கிறது. நான் வீடியோ பார்த்துச் சிரித்தால் அவள் பாத்திரத்தை இரண்டாம் தடவை கழுவ ஆரம்பிக்கிறாள். இது அதே சண்டைதான் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இருவரும் அதற்குள் இறங்குவதைப் போன்ற கடுப்பு வேறு கிடையாது. முன்பெல்லாம் தெரியாமல் நிம்மதியாகச் சண்டை போட்டோம். இப்போது நடுவில் எங்கோ ஆத்தூர்ப் பேச்சில் "அதுக்கு முன்னாடி?" என்று கேட்கிறது. சண்டையும் முழுசாக வருவதில்லை, சமாதானமும் முழுசாக வருவதில்லை. சில நாள் பாதியில் நிற்கிறது. சில நாள் அவள் ஜலகண்டாபுரம் பஸ் ஏறி, வழியிலேயே இறங்கித் திரும்பி வந்திருக்கிறாள்.

இதைக் கேட்கலாம் என்று ஒருமுறை ஃபேர்லேண்ட்ஸ் போனேன். மாடி அறையில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடந்துகொண்டிருந்தது. மேடம் முழங்கால் முடியாமல் மகள் இருக்கும் ஊருக்கே போய்விட்டாராம். அதைச் சொன்னது அந்தப் பல் ஆஸ்பத்திரிப் பையன்தான். ஸ்கூட்டி படியை மறித்துக்கொண்டுதான் நின்றது. "அவங்க இல்லாம போரடிக்குதுண்ணா" என்றான். எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஒரு தடவையாவது தப்பு யார்மேல் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

போன வாரம் லீவில் வந்தேன். பையைக் கதவு ஓரத்தில் வைத்தேன். அவள் பார்த்தாள், நான் பார்த்தேன். கயிற்றை நானே அவிழ்த்துத் துணியை அள்ளிக்கொண்டு போய் ஊறப் போட்டேன். "சோப்ப அப்படியே கொட்டாதீங்க, ஊடெல்லாம் நொரையாயிரும்" என்றாள். "ஆமாங்க கலெக்டரம்மா" என்றேன். வாய் சும்மா இருக்குமா? பாத்திரச் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கும்போது மேனேஜர் போன். டிரில்லர் ஒருத்தன் வேலைக்கு வரவில்லை, உடனே கிளம்பி வா என்றார். கொடியில் காக்கிச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையில் கிளிப்போடு நின்றாள், என்னைப் பார்க்காமல். எனக்கு வழக்கம்போல ஒரு ஜோக் வந்தது. அதற்கு முன்னாடி வந்ததைச் சொன்னேன்.

"துணி ஈரமா இருக்குதுங்க. காஞ்சப்பறந்தான் வருவேன்."

மேனேஜர் என் பரம்பரையையே இழுத்துத் திட்ட ஆரம்பித்தார். வேற ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். அது வெறும் மிரட்டல் இல்லை, போட்டாலும் போடுவார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவள் அடுத்த சட்டையை எடுத்து, பிழியாமல், தண்ணீர் ஒழுக ஒழுகவே கொடியில் போட்டு, போனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "வெயிலே காணமுங்க. ரெண்டு மூணு நாளாச்சும் ஆவும்னு சொல்லுங்க."

தலைக்கு மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. காலிப் பை வாய் திறந்து கதவு ஓரத்தில் கிடந்தது.